புளூட்டோவுக்குக் கால்நடைப் பிரயாணம்!

சூரியனிலிருந்து புளூட்டோவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

ராக்கெட்டில் போனால் ஒன்பது வருஷத்துக்கு மேல் ஆகும். 2006-ல் பூமியிலிருந்து புறப்பட்ட "நியூ ஹொரைசன்ஸ்" என்ற விண்கலம், 2015 ஜூலையில்தான் புளூட்டோவை எட்டிப் பார்த்தது. இவ்வளவுக்கும் அது மிக வேகமாகப் புறப்பட்ட கலங்களில் ஒன்று.

ஆனால் ஓர் ஊரில் இருபதே நிமிஷத்தில் போய்விடலாம். அதுவும் கால்நடையாக! வழியில் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகவே போகலாம்.

அந்த ஊரின் பெயர் இத்தாக்கா. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தில், கயூகா என்ற நீண்ட ஏரியின் தென்கோடியில் இருக்கும் சிறிய நகரம். ஊருக்கு மேலே குன்றின் மீது கார்னெல் சர்வகலாசாலை இருக்கிறது. கீழே கடைவீதி. அந்தக் கடைவீதியில்தான் இந்த அதிசயப் பிரயாணம் தொடங்குகிறது.

கடைவீதியில் சூரியன்

இத்தாக்காவின் கடைவீதியில் வண்டிகள் போவதில்லை. ஜனங்கள் நடந்து மட்டுமே போகலாம். அங்கே ஓர் இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல் தூண் நிற்கிறது. அதுதான் சூரியன்.

இந்தச் சூரியனின் குறுக்களவு 28 சென்டிமீட்டர். அதாவது, ஒரு பூசணிக்காய் பருமன்.

உண்மையான சூரியனின் குறுக்களவு 14 லட்சம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 500 கோடி மடங்கு சுருக்கினால் 28 சென்டிமீட்டர் வருகிறது. சூரியனை எத்தனை மடங்கு சுருக்கினார்களோ, அத்தனை மடங்கே கிரகங்களையும் சுருக்கியிருக்கிறார்கள். கிரகங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் அதே கணக்கில் சுருக்கியிருக்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் சிறப்பே அதுதான். அளவிலும் பொய் இல்லை. தூரத்திலும் பொய் இல்லை.

ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு கல். கல்லில் அந்தக் கிரகம் எவ்வளவு பெரியது என்று காட்டப்பட்டிருக்கிறது. அதைப் பற்றிய விவரமும் எழுதப்பட்டிருக்கிறது. டிக்கெட் கிடையாது. கதவு கிடையாது. காவல்காரர் கிடையாது. விடியற்காலையிலும் பார்க்கலாம், நடுநிசியிலும் பார்க்கலாம்.

ஒரு காலடிக்கு 37½ லட்சம் கிலோமீட்டர்!

சூரியனை விட்டுப் புறப்படுவோம்.

பெரியவர்கள் ஒரு காலடி வைத்தால் ஏறக்குறைய முக்கால் மீட்டர். இந்த வீதியில் அந்த ஒரு காலடி 37½ லட்சம் கிலோமீட்டருக்குச் சமம். பூமியிலிருந்து நிலாவுக்கு உள்ள தூரத்தைப்போல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு!

பதினாறாவது காலடியில் புதன் வருகிறது. கசகசா அளவு. இருபத்தொன்பதாவது காலடியில் சுக்கிரன். கடுகை விடச் சற்றுப் பெரியது.

நாற்பதாவது காலடியில் பூமி.

இங்கே எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். குனிந்து பார்க்கிறார்கள். பூமியின் குறுக்களவு இரண்டரை மில்லிமீட்டர். இதுவும் கடுகை விடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். இமயமலையும், பசிபிக் சமுத்திரமும், எல்லாத் தேசங்களும், எல்லா ஊர்களும் அந்த இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன.

பூமிக்குப் பக்கத்தில் நிலா. எவ்வளவு பக்கத்தில்? எட்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. நாலு விரலைச் சேர்த்து வைத்தால் அந்த அகலம் வந்துவிடும். 1968 முதல் 1972 வரை 24 அமெரிக்க விண்வெளி வீரர்கள் நிலாவுக்குப் போனார்கள். அவர்களில் 12 பேர் அங்கே இறங்கி நடந்தார்கள். உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த அந்த மாபெரும் பிரயாணம், இந்த வீதியில் நாலு விரல் அகலம்!

அறுபத்தோராவது காலடியில் செவ்வாய். கேழ்வரகு அளவு.

இதுவரை எல்லாம் சீக்கிரம் சீக்கிரமாக வந்தன. 46 மீட்டருக்குள் நான்கு கிரகங்கள். இதே மாதிரிதான் மற்றவையும் வரும் என்று குழந்தைகள் நினைக்கிறார்கள். "அடுத்தது எங்கே? அடுத்தது எங்கே?" என்று ஓடுகிறார்கள்.

அடுத்தது வருவதில்லை. இன்னும் 150 காலடி நடந்தால்தான் வியாழன் வருகிறது. கிரகங்களுக்குள் மிகப் பெரியது இது. 28 மில்லிமீட்டர், ஒரு நெல்லிக்காய். அதற்கப்புறம் சனி. அதுவும் ஒரு சிறிய நெல்லிக்காய்தான். சூரியனை விட்டு 287 மீட்டர் தள்ளி இருக்கிறது.

சனியைத் தாண்டியதும் கால் வலிக்கத் தொடங்குகிறது. யுரேனஸ் 574 மீட்டரில் இருக்கிறது. நெப்டியூன் 900 மீட்டரில். இரண்டும் சுண்டைக்காய் பருமன். ஒரு சுண்டைக்காய்க்கும் அடுத்த சுண்டைக்காய்க்கும் நடுவே 326 மீட்டர் தூரம் வெறும் வெளி!

கடைசியில், ஊருக்குள் இருக்கும் விஞ்ஞானக் காட்சிசாலையில் புளூட்டோ வருகிறது. சூரியனிலிருந்து 1,180 மீட்டர். ஏறக்குறைய முக்கால் மைல். புளூட்டோவின் அளவு அரை மில்லிமீட்டர். ஒரு ரவைத் துகள்.

புத்தகப் படம் சொல்லும் பொய்

பள்ளிக்கூடப் புத்தகத்தில் சூரிய மண்டலத்தின் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. இடது பக்கம் பெரிய சூரியன். அதையடுத்துப் பக்கத்திலேயே வரிசையாக ஒன்பது உருண்டைகளோ, எட்டு உருண்டைகளோ. இட்லித் தட்டில் இட்லி மாதிரி ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நிற்கும்.

படம் போட்டவர்மேல் குற்றமில்லை. அவருக்கு வேறு வழி கிடையாது.

பூமியை ஒரு சென்டிமீட்டர் உருண்டையாகப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது சூரியனை ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகப் போடவேண்டும். அதைப் பூமியிலிருந்து 117 மீட்டர் தள்ளிப் போடவேண்டும். நெப்டியூனைப் போட மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள காகிதம் வேண்டும்! எந்தப் புத்தகம் அதைத் தாங்கும்?

ஆகவே புத்தகத்தில் தூரத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அளவைக் கூட்டிவிடுகிறார்கள். அந்தப் படமே குழந்தையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. வளர்ந்து பெரியவனான பிறகும் அது அழிவதில்லை. "பூமியிலிருந்து சூரியன் 15 கோடி கிலோமீட்டர்" என்று மனப்பாடமாகச் சொல்லுவான். ஆனால் அந்த 15 கோடி எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது.

மணிக்கு 100 கிலோமீட்டர் ஓடும் ரயிலில் ஏறி, எங்கும் நிற்காமல் போனால், சூரியனைச் சேர 171 வருஷம் ஆகும். ஏறியவர் இறங்கமாட்டார், அவருடைய கொள்ளுப்பேரன்தான் இறங்குவான்.

இந்தப் பெரிய கணக்கை மூளைக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். காலுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். இத்தாக்காவின் கல் தூண்கள் அதைத்தான் செய்கின்றன.

வெளிச்சத்தை முந்தும் குழந்தை

உலகத்தில் மிக வேகமாகப் போவது எது? வெளிச்சம். ஒரு வினாடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது.

இந்த வீதியின் கணக்கில் அந்த வேகத்தையும் சுருக்கிப் பார்த்தால் என்ன வருகிறது தெரியுமா? ஒரு வினாடிக்கு ஆறு சென்டிமீட்டர்! ஆமை நடைதான்.

சூரியக் கல்லிலிருந்து வெளிச்சம் பூமிக் கல்லுக்கு வந்து சேர எட்டு நிமிஷத்துக்கு மேல் ஆகும். குழந்தை அரை நிமிஷத்தில் ஓடிவிடுகிறது. வெளிச்சம் புளூட்டோவை அடைய ஐந்தரை மணி நேரம் வேண்டும். காலையில் ஆறு மணிக்குச் சூரியனை விட்டுப் புறப்பட்ட வெளிச்சம், பதினொன்றரை மணிக்குப் புளூட்டோவுக்குப் போய்ச் சேரும். கூடவே புறப்பட்ட குடும்பம் ஆறரை மணிக்குள் அங்கே போய்க் காத்திருக்கும்.

பூமியில் ஒருவர் பேசினால், அந்தப் பேச்சு ரேடியோ மூலம் போவதும் இதே வேகத்தில்தான். புளூட்டோவுக்கு அருகே போன விண்கலத்துக்கு ஒரு கட்டளை அனுப்பிவிட்டு, பதில் வர ஒன்பது மணி நேரம் விஞ்ஞானிகள் காத்திருந்தார்கள். பூமிக்கும் புளூட்டோவுக்கும் உள்ள தூரம் கூடிக் குறைவதால் அந்த நேரமும் கொஞ்சம் மாறும்.

"நட்சத்திரப் புத்தகம் வேண்டும்!"

இந்தக் கற்களை இத்தாக்கா நகரம் ஏன் நட்டது? அது ஒரு மனிதரின் ஞாபகச் சின்னம்.

அவர் பெயர் கார்ல் சாகன். 1934-ல் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர். தகப்பனார் துணி தைக்கும் தொழிலில் இருந்தவர். வசதியான குடும்பம் அல்ல.

சாகன் சிறு பையனாக இருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. "நட்சத்திரம் என்றால் என்ன?" பலரைக் கேட்டான். "வானத்தில் இருக்கும் விளக்குகள்" என்றார்கள். அவனுக்குத் திருப்தி இல்லை. நூல் நிலையத்துக்குப் போய், நட்சத்திரங்களைப் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டான்.

நூல் நிலையத்தில் இருந்த அம்மாள் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தால், உள்ளே சினிமா நட்சத்திரங்களின் படங்கள்!

பையன் தயங்கித் தயங்கித் தனக்கு வேண்டியது வேறு நட்சத்திரம் என்று சொன்னான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சரியான புத்தகத்தைத் தேடிக் கொடுத்தார்.

அதில் ஒரு விஷயம் எழுதியிருந்தது. சூரியனும் ஒரு நட்சத்திரம்தான். மிக அருகில் இருப்பதால் பெரிதாகத் தெரிகிறது. மற்ற நட்சத்திரங்களும் சூரியன்களே. மிக மிகத் தொலைவில் இருப்பதால் புள்ளியாகத் தெரிகின்றன.

பையனுக்குத் தலை சுற்றியது. அவ்வளவு பெரிய சூரியன் ஒரு புள்ளியாகத் தெரியவேண்டுமானால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கவேண்டும்!

அன்று பிடித்துக்கொண்ட அந்த ஆச்சரியம் கடைசிவரை அவரை விடவில்லை. சாகன் வான சாஸ்திர நிபுணரானார். 1968-ல் கார்னெல் சர்வகலாசாலைக்கு வந்தார். இத்தாக்காவே அவர் ஊராயிற்று. 1980-ல் "காஸ்மாஸ்" என்ற டெலிவிஷன் தொடரை நடத்தினார். பதின்மூன்று பகுதிகள். வான சாஸ்திரம் படிக்காத சாதாரண ஜனங்களும் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

விஞ்ஞானம் பண்டிதர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம் என்பது அவருடைய கொள்கை.

1996 டிசம்பர் 20-ந் தேதி, 62-வது வயதில் சாகன் காலமானார். எலும்பு மஜ்ஜையில் வந்த நோயோடு இரண்டு வருஷம் போராடிய பிறகு, நிமோனியா ஜுரம் அவரைக் கொண்டு போயிற்று. இத்தாக்காவிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அடுத்த வருஷமே, 1997-ல், "சாகன் கிரக நடைபாதை" உருவாயிற்று. நட்சத்திரப் புத்தகம் கேட்டுப் போன அந்தப் பையனைப்போல இன்றைக்கும் எத்தனையோ குழந்தைகள் இருக்கின்றன. நூல் நிலையத்துக்குப் போகாத குழந்தையும் கடைவீதிக்கு வரும் அல்லவா?

திரும்பிப் பார்!

புளூட்டோக் கல்லை அடைந்தவர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். வந்த வழியைத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் அந்தப் பக்கம், அந்த இரண்டரை மில்லிமீட்டர் பூமி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது.

ஆனால் இதே தூரத்திலிருந்து ஒரு காமிரா பூமியைத் திரும்பிப் பார்த்திருக்கிறது!

"வாயேஜர்–1" என்ற அமெரிக்க விண்கலம் 1977 செப்டம்பரில் புறப்பட்டது. வியாழனையும் சனியையும் படம் எடுத்தது. 1980-ல் அதன் கிரக வேலை முடிந்துவிட்டது. அது பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது.

அப்போது சாகன் ஒரு யோசனை சொன்னார். "காமிராவைத் திருப்பி, நம் பூமியை ஒரு படம் எடுக்கவேண்டும்."

சிலர் ஆட்சேபித்தார்கள். பூமி அங்கிருந்து சூரியனுக்கு மிக அருகில் தெரியும். சூரிய வெளிச்சம் காமிராவைக் கெடுத்துவிடலாம். படம் எடுத்தாலும் அதில் ஒன்றும் தெரியாது. விஞ்ஞான ஆராய்ச்சிக்கு அதனால் லாபம் இல்லை. சாகன் பல வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

1990 பிப்ரவரி 14-ந் தேதி காமிரா திரும்பியது. அப்போது வாயேஜர் பூமியிலிருந்து 600 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. இத்தாக்கா கணக்கில் அது எவ்வளவு? 1,200 மீட்டர். புளூட்டோக் கல்லைத் தாண்டிச் சில காலடிகள்தான்!

சூரிய மண்டலத்தை 60 படங்களாக எடுத்தது வாயேஜர். அதில் ஒரு படத்தில், சூரிய ஒளியின் ஒரு கீற்றுக்கு நடுவே, மங்கலான நீல நிறத்தில் ஒரு புள்ளி. அதுதான் பூமி. அந்தப் படத்துக்கு "மங்கலான நீலப் புள்ளி" என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு அந்தக் காமிராக்களை நிறுத்திவிட்டார்கள்.

சாகன் 1994-ல் அதே பெயரில் ஒரு புத்தகம் எழுதினார். நாம் எல்லோரும் குடியிருப்பது இந்த ஒரு புள்ளியில்தான். குடிபோக இப்போதைக்கு வேறு இடம் இல்லை. ஆகவே மனிதர்கள் தங்களுக்குள் இரக்கத்தோடு நடந்துகொண்டு, இந்தப் பூமியைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்பது அவருடைய வாதம்.

எல்லைக் கல்லுக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்கிறார்கள். ஒரு சாண் நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தேசங்கள் சண்டை போட்டுக்கொள்கின்றன. அவர்கள் எல்லோரையும் ஒருநாள் புளூட்டோக் கல்லுக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தினால், சண்டை முழுவதும் தீர்ந்துவிடும் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரமாவது வெட்கப்படுவார்கள்!

பதவி போனாலும் கல் போகவில்லை

புளூட்டோவின் கதையையும் சொல்லவேண்டும்.

1930-ல் அமெரிக்காவைச் சேர்ந்த கிளைடு டாம்போ என்ற இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து 76 வருஷம் அது ஒன்பதாவது கிரகமாக இருந்தது. நடைபாதை அமைத்த 1997-லும் அப்படித்தான்.

பிறகு புளூட்டோ இருக்கும் பகுதியில் அதைப்போன்ற வேறு பல உருண்டைகள் தென்பட்டன. "அப்படியானால் எல்லாவற்றையும் கிரகம் என்று சொல்லுவதா?" என்ற கேள்வி வந்தது. 2006 ஆகஸ்டில் பிராக் நகரத்தில் கூடிய சர்வதேச வான சாஸ்திர சங்கம் ஒரு முடிவு செய்தது. புளூட்டோ இனி "குறுங்கிரகம்". கிரகங்கள் எட்டுதான்.

பதவி போயிற்று. ஆனால் புளூட்டோ இடத்தைவிட்டு அசைந்ததா? இல்லை. முன்பு எங்கே சுற்றியதோ அங்கேதான் சுற்றுகிறது. சூரியனை ஒரு முறை சுற்றிவர அதற்கு 248 வருஷம் ஆகும். அதை மனிதன் கண்டுபிடித்த பிறகு இன்னும் ஒரு சுற்றுக்கூட முடியவில்லை; 2178-ல்தான் முடியும். நெப்டியூன் பரவாயில்லை. 1846-ல் கண்டுபிடிக்கப்பட்டது, 2011-ல் முதல் சுற்றை முடித்தது.

கற்கள் ஒரே வழியில் நிற்பதால் கிரகங்களும் வரிசையாக நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொன்றும் தனித்தனி வட்டத்தில் வெவ்வேறு வேகத்தில் சுற்றுகிறது. கல் காட்டுவது தூரத்தை மட்டுமே.

அடுத்த கல் எங்கே?

"புளூட்டோவுக்கு அப்பால் என்ன?" என்று குழந்தைகள் கேட்பார்கள் அல்லவா? அதற்கும் இத்தாக்காக்காரர்கள் பதில் வைத்திருக்கிறார்கள்.

சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு அருகில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் ஆல்பா சென்டாரி. "அருகில்" என்றால் 41 லட்சம் கோடி கிலோமீட்டர்! அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இந்த நடைபாதைக் கணக்கில் அந்த நட்சத்திரத்தை எங்கே வைப்பது? அடுத்த தெருவிலா? அடுத்த ஊரிலா?

அமெரிக்காவின் நிலப்பரப்பு முழுவதையும் கடந்து, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவில் வைத்திருக்கிறார்கள்! அங்கே ஹிலோ என்ற ஊரில் இமிலோவா என்ற வான சாஸ்திரக் காட்சிசாலை இருக்கிறது. 2012-ல் ஆல்பா சென்டாரியின் கல் அங்கே நிறுவப்பட்டது. இத்தாக்காவிலிருந்து சுமார் 8,000 கிலோமீட்டர்.

சூரியனிலிருந்து புளூட்டோவுக்கு இருபது நிமிஷ நடை. அடுத்த சூரியனுக்கு ஆகாய விமானம் ஏறவேண்டும்! நூல் நிலையத்தில் சிறுவன் சாகனுக்குத் தலை சுற்றியதில் ஆச்சரியம் இல்லை.

வாயேஜர்–1 இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மனிதன் செய்த பொருள்களில் இவ்வளவு தூரம் போனது வேறு எதுவும் இல்லை. 2,400 கோடி கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இத்தாக்கா கணக்கில் அது எவ்வளவு? ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். இன்னும் ஊர் எல்லையில்தான் இருக்கிறது!

பல ஊர்களில் பல சூரியன்கள்

இத்தகைய நடைபாதைகள் வேறு ஊர்களிலும் உண்டு.

ஸ்வீடன் தேசத்தில் மிகப் பெரிய ஏற்பாடு. ஸ்டாக்ஹோம் நகரத்தில் உருண்டை வடிவமான பெரிய விளையாட்டு அரங்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடமே சூரியன்! அங்கே இரண்டு கோடி மடங்குதான் சுருக்கம். பூமி 65 சென்டிமீட்டர் உருண்டை. ஏழரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. புளூட்டோவைப் பார்க்க 300 கிலோமீட்டர் வடக்கே டெல்ஸ்போ என்ற ஊருக்குப் போகவேண்டும்.

வாஷிங்டன் நகரத்தில் 2001-ல் ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. அங்கே ஆயிரம் கோடி மடங்கு சுருக்கம். சூரியன் ஒரு சாத்துக்குடியை விடப் பெரியது. பூமி கடுகிலும் சிறியது. சுமார் 600 மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும்.

குரோஷியாவின் தலைநகரமான ஜாக்ரெபில் நடந்தது வேடிக்கையானது. இவான் கோஜாரிச் என்ற சிற்பி 1971-ல் சுமார் இரண்டு மீட்டர் அகலமுள்ள ஓர் உருண்டையைச் செய்து, "தரையில் இறங்கிய சூரியன்" என்று பெயர் வைத்தார். சூரியன் மட்டும்தான், கிரகங்கள் கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் அது தனியாகவே இருந்தது. 2004-ல் டாவோர் பிரெய்ஸ் என்ற கலைஞர், அந்தச் சூரியனின் அளவுக்குச் சரியாகக் கணக்குப் போட்டு, ஊரின் பல மூலைகளில் கிரகங்களைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டார். ஜனங்கள் தேடிக் கண்டுபிடிக்கவேண்டியதாயிற்று!

அடுப்பங்கரையில் சூரிய மண்டலம்

இதற்குக் கல் தூண் வேண்டும் என்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டுச் சாமான்களை வைத்தே செய்து பார்க்கலாம். நேரான நீண்ட பாதை ஒன்று போதும். சூரியனுக்கு ஒரு பூசணிக்காய் வேண்டும். அதன் குறுக்களவு 28 சென்டிமீட்டர் இருக்கட்டும். அதிலிருந்து எண்ணிக்கொண்டு நடக்கவேண்டும். ஒரு காலடிக்கு முக்கால் மீட்டர்.

புதன் – கசகசா – 16 காலடி
சுக்கிரன் – பெரிய கடுகு – 29 காலடி
பூமி – பெரிய கடுகு – 40 காலடி
செவ்வாய் – கேழ்வரகு – 61 காலடி
வியாழன் – நெல்லிக்காய் – 208 காலடி
சனி – சிறிய நெல்லிக்காய் – 382 காலடி
யுரேனஸ் – சுண்டைக்காய் – 765 காலடி
நெப்டியூன் – சுண்டைக்காய் – 1,200 காலடி
புளூட்டோ – ரவை – 1,575 காலடி

பாதை போதாவிட்டால் கவலை வேண்டாம். சனியோடு நின்றுவிடலாம். சனியிலிருந்து திரும்பிப் பார்த்தாலே போதும்; பூசணிக்காய் சிறுத்துப் போயிருக்கும். பூமிக் கடுகு கண்ணில் படாது.

கடுகைத் தரையில் வைப்பதற்கு முன், குழந்தையின் உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருக்கச் சொல்லவேண்டும். "இதில்தான் நாம் இருக்கிறோம், அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, உன் பள்ளிக்கூடம் எல்லாம் இதில்தான் இருக்கிறது" என்று சொல்லவேண்டும்.

குழந்தை உடனே கையை மூடிக்கொள்ளும். கடுகு கீழே விழுந்துவிடக் கூடாதே!